கண்ணாடி உடைஞ்சுதா, உடைச்சியா?

இங்கே வளைகுடாவில் பரீட்சை நெருங்கினால் நம்ம தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "பிள்ளைக்கு இங்கிலீஷ் கிராமர் வரலை, அதனால வீட்டுல தமிழ் பேசறதைக் குறைச்சுட்டோம்" என்பார்கள். நான் பி.காம். படித்த பேங்க் ஆசாமி, இலக்கண வாத்தியார் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். டிரான்சிட்டிவ் வெர்ப், இன்டிரான்சிட்டிவ் வெர்ப் என்று பிள்ளைகளைப் படுத்துகிற பாடம் இருக்கிறதே, அதற்கு வீட்டுத் தமிழைவிட நல்ல டியூஷன் கிடையாதுங்க.

டியூஷனில் என்ன சொல்லித் தருகிறார்கள்? வினைச்சொல்லைப் பார்த்து "எதை? யாரை?" என்று கேள், பதில் வந்தால் டிரான்சிட்டிவ், வராவிட்டால் இன்டிரான்சிட்டிவ். சரிதான். அதோடு விட்டால் பரவாயில்லை. இரண்டு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள், அங்கேதான் வம்பு. 'ரன்' எந்தப் பட்டியலில் வரும்? பையன் ஓடினாலும் ரன், அவன் அப்பா கடை நடத்தினாலும் ரன். பிரேக், மூவ், ஸ்டாப், டர்ன் எல்லாம் இதே ரகம். இங்கிலீஷில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் சொல்லில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. பட்டியலை உருப்போட்டு என்ன பிரயோஜனம்?

தமிழில் பாருங்க. ஓடினான், ஓட்டினான். நின்றது, நிறுத்தினான். மாறியது, மாற்றினான். நிரம்பியது, நிரப்பினான். சொல்லே காட்டிக் கொடுத்துவிடும். ('திற' மாதிரி இரண்டுக்கும் பொதுவான சில சொற்கள் தமிழிலும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.) நாலு வயசுப் பிள்ளை தம்ளரைக் கீழே போட்டுவிட்டு "உடைஞ்சு போச்சு" என்றுதான் சொல்லும், "உடைச்சுட்டேன்" என்று சொல்லாது. இலக்கணம் தெரியாமலா அப்படித் தப்பிக்கிறது?

எனக்கு ஊர் திருப்புறம், நெய்யாற்றின்கரை தாலுகா. பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்குப் போனால் தமிழ்நாடு. எங்கள் பக்கம் இரண்டு பாஷையும் காதில் விழும். மலையாளத்தில் 'பொட்டி' என்றால் தானாக உடைந்தது, 'பொட்டிச்சு' என்றால் யாரோ உடைத்தது. செய்தது அவனா அவளா நானா என்று மலையாள வினைச்சொல் சொல்லாது. ஆனால் இதை மட்டும் விடாது.

இங்கிலீஷுக்கும் அதன் உறவுமொழிகளுக்கும் ஒரு காலத்தில் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. மிச்சம் கிடப்பவை சில சொற்கள்தான்: ரைஸ், ரெய்ஸ், லை, லே, சிட், செட், ஃபால், ஃபெல். பிள்ளைகள் தடுமாறுகிற இடமும் இதுதான். பக்கத்திலேயே உயர், உயர்த்து, கிட, கிடத்து, இரு, இருத்து, விழு, வீழ்த்து என்று எழுதிக் காட்டுங்கள். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்காது.

எங்கள் தொழிலிலும் இது உண்டு. 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாக உயர்த்தியது. கவுன்டரில் என்ன சொல்வார்கள்? "வட்டி உயர்ந்திருக்கு சார்." என்னமோ ஆற்றில் தண்ணீர் உயர்ந்த மாதிரி! அடகு நகையும் அப்படித்தான். பணம் கட்டி மீட்டால் "நகையைத் திருப்பினேன்" என்று நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். கட்டாமல் விட்டால் "நகை மூழ்கிப் போச்சு", அதுவாகவே போய் மூழ்கிவிட்டது.

சரி, ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தமிழும் இங்கிலீஷும் இந்த விஷயத்தில் அச்சு அசலாகப் பொருந்தாது. "ஊரைப் பிரிந்தேன்" என்கிறோம். "எதை?" என்று கேட்டால் "ஊரை" என்று பதில் வருகிறது, இங்கிலீஷ் கணக்கில் இது டிரான்சிட்டிவ். ஆனாலும் சொல் 'பிரிந்தேன்'தான், 'பிரித்தேன்' இல்லை. ஏனென்றால் ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனது எனக்கு. செயப்படுபொருள் இருக்கிறதா என்பதைவிட, செயலின் விளைவு யார் மேல் விழுகிறது என்றுதான் தமிழ் வினை பார்க்கிறது. கு. பரமசிவம் என்ற மொழியியலாளர் இதை விரிவாக ஆராய்ந்து இங்கிலீஷில் எழுதிய புத்தகம் 1979-ல் திருவனந்தபுரத்தில்தான் வெளிவந்தது. டியூஷன் நோட்ஸில் இதெல்லாம் வராது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை நோட்ஸ் பார்த்துப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று, அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. குமரிக்காரர்கள் அந்த நாளை "தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள்" என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "ஸ்டேட் பிரிச்சப்போ" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். "பிரிஞ்சப்போ" என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை.