முள்ளும் சட்டமும்

ஓடி விளையாடும் குழந்தையின் பாதத்தில் கருவேல முள்ளோ மரச்சிராயோ தைத்து உள்ளேயே ஒடிந்து தங்கிவிடுவது நம் கிராமங்களில் சாதாரணமாய் நிகழும் காரியம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். படத்தில் ஒன்றும் தெரியாவிடில் புண்ணைக் கழுவிக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். பின்னர் சீழ் வைத்துக் கால் வீங்கும்போதே உள்ளே முள் இருப்பது வெளியாகிறது.

இது பெரும்பாலும் வைத்தியரின் குற்றமன்று, கருவியின் குறை. 1895-ஆம் வருஷத்தில் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே கதிர்கள் உலோகத்தைக் காட்டும். கண்ணாடித் துண்டையும் பெரும்பாலும் காட்டும். மரமும் முள்ளும் சதையைப் போலவே அக்கதிர்களுக்கு வழிவிடுவதால் படத்தில் பதிவதில்லை. அல்ட்ராசவுண்ட் யந்திரமோ செவிக்கெட்டாத ஒலியலையைச் செலுத்தி, அதன் எதிரொலியைக் கொண்டு படம் காட்டுவது. மரச்சிராய் அதில் வெள்ளைக் கோடாகவும், அதன் கீழ் கரிய நிழலாகவும் தோன்றும். ஆழமும் திசையும் அறிந்து கத்தி வைக்கலாம். சதையை வீணே கிளற வேண்டியதில்லை. குழந்தையின் உடலில் கதிர்வீச்சும் படுவதில்லை. பார்ப்பவரின் கை பழகியிருக்க வேண்டுமென்பதும், ஒன்றும் தெரியாமையாலேயே ஒன்றுமில்லையென்று தீர்மானிக்கலாகாதென்பதும் மெய்யே. ஆயினும் இருட்டில் துழாவுவதைவிட இது மேலன்றோ?

இந்த யந்திரத்தின் பெயரைக் கேட்டதுமே நம் நாட்டில் ஒரு சட்டம் நினைவுக்கு வருகிறது. கருவிலுள்ளது ஆணா பெண்ணா என்றறிந்து பெண் சிசுவை அழிக்கும் மகாபாதகத்தை ஒழிக்க 1994-இல் அச்சட்டம் இயற்றப்பட்டது. யந்திரம் வைத்திருக்கும் இடம் பதிவு செய்யப்பட வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய சிறு யந்திரங்களுக்கு 2012-இல் மேலும் கட்டுப்பாடு வந்தது. அதில் ஓர் எழுத்தையும் தளர்த்தும்படி நாம் கேட்கவில்லை. பெண் குழந்தையைக் காக்கும் சட்டம் வலிமை குன்றலாகாது.

ஆனால் அச்சட்டம் தடுப்பது குற்றத்தை, சிகிச்சையை அன்று. குழந்தையின் பாதத்தில் யந்திரத்தை வைத்துப் பார்ப்பதை அதன் எந்தப் பிரிவும் விலக்கவில்லை. பதிவேடு என்பது காவல், பூட்டு அன்று. ஆதலின் சர்க்கார் ஒவ்வொரு தாலூகா ஆஸ்பத்திரியிலும் காயம் பட்டோரைப் பார்க்கும் அறைக்கென ஒரு யந்திரத்தை முறைப்படி பதிவு செய்து வைக்கட்டும்; அங்குள்ள வைத்தியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கட்டும். பிறவாத பெண்ணைக் காப்பது தர்மமாயின், பிறந்து முள் தைத்து அழும் குழந்தையைக் காப்பதும் அதே தர்மமேயாகும். சட்டசபை அங்கத்தினரும் பொதுஜன ஊழியரும் இதை வற்புறுத்துவார்களாக.