ஒரு சிறு கோடும் இரு நூற்றாண்டுகளும்

1803 பெப்ரவரியில் கண்டியைப் பிடிக்கப் புறப்பட்ட ஆங்கிலப் படை, வழியில் கலகெதரக் கோட்டையைக் கைப்பற்றிய பிறகே மலைநகரை அடைந்தது. அந்தக் காலத்தில் 'அதன்' என்று பொருள்படும் 'இட்ஸ்' என்ற சொல்லை அப்பொஸ்ட்ரபி என்ற சிறு கோடு போட்டு எழுதிய ஆங்கிலேயர் ஏராளம். 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பிலும் அது அப்படியே கிடக்கிறது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினும் அவ்வாறு எழுதியவர்தான். இன்று கலகெதரவில் சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளை அதையே எழுதினால் சிவப்பு மை பாய்கிறது.

இன்றைய விதி, 19ஆம் நூற்றாண்டில் அச்சகத்தாரும் இலக்கண ஆசிரியர்களும் மெல்ல மெல்ல நிலைநிறுத்தியது. அதற்குள் 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்துவிட்டது. 1833இன் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பின் அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலமே ஏணி. ஆங்கிலேயரே தட்டுத்தடுமாறிக் கண்டடைந்த வழக்கம், ஆதியிலிருந்தே இருந்த சட்டம்போல நம் வகுப்பறைக்குள் வந்தது. யார் 'படித்தவர்' என்று அளக்கும் கோலாகவும் ஆனது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி பாடசாலைக் கதவைத் திறந்தது. ஆனால் நல்ல ஆங்கில ஆசிரியர் கிராமத்துக்கும் நகரத்துக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் பிள்ளையின் மந்தமாகக் கணக்கிடுவது அநியாயம்.

விதி கடினமானதும் அல்ல. அவனுடையது, அவளுடையது, எங்களுடையது, அதன் என்று ஆங்கிலத்தில் உரிமை காட்டும் பிரதிப்பெயர்கள் எதற்கும் அந்தக் கோடு வேண்டாம். உரிமை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்து வாசித்தால் பொருள் வரும் இடத்தில் மட்டும் 'இட்ஸ்' கோடு கேட்கும். பெயர்ச்சொற்களுக்குக் கண்டி நகரமே பாடப்புத்தகம். தலதா மாளிகைக்கு அருகிலுள்ள குயின்ஸ் ஹோட்டலின் பெயரில் கோடு எஸ் எழுத்துக்கு முன்னால் வரும், ராணி ஒருத்தி என்பதால். 1879இல் தொடங்கிய கேர்ள்ஸ் ஹை ஸ்கூலின் பெயரில் அது எஸ்ஸுக்குப் பின்னால், மாணவிகள் பலர் என்பதால்.

2009இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரசபை தெருப் பலகைகளில் இந்தக் கோட்டைக் கைவிட்டது. நாமும் விட்டுவிடலாமே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காணி உறுதி ஒன்றில் 'பிரதர்ஸ் லேண்ட்' என்று இருந்தால், அந்தக் கோடு எஸ்ஸுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் நிலம் ஒரு சகோதரனுடையதா, எல்லாச் சகோதரர்களுடையதா என்று தெரியும். அதை வாசிக்கக் கிராமத்துப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.