படுக்கையை எண்ணினால் போதுமா?

கிண்டியில் 2023 ஜூனில் உயர்சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டபோது செய்திகளில் முன்னால் நின்றது ஓர் எண்: 1,000 படுக்கைகள். எந்த ஊர், எந்த ஆட்சி என்றாலும் மருத்துவமனை விரிவாக்கம் என்றால் இந்தக் கணக்குதான். நூறு படுக்கை இருநூறானால் சிகிச்சையும் இரட்டிப்பாகிவிடும் என்று ஆள்வோர் சொல்கிறார்கள். நாமும் நம்பிக் கைதட்டுகிறோம். இந்த நம்பிக்கை தவறானது, உயிருக்கு ஆபத்தானதும்கூட.

2020 ஏப்ரலில் லண்டனில் ஒரு கண்காட்சி அரங்கத்தையே ஒன்பது நாளில் நைட்டிங்கேல் மருத்துவமனையாக மாற்றினார்கள். 4,000 படுக்கைகள் வரை போடத் திட்டம். கொரோனா முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர். மற்ற மருத்துவமனைகள் ஓரளவு சமாளித்துக்கொண்டது ஒரு காரணம். அவை அனுப்ப அனுமதி கேட்ட நோயாளிகளில் பலரை ஏற்கத் தீவிர சிகிச்சை தெரிந்த செவிலியர்கள் இல்லாமல் போனது இன்னொரு காரணம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் அரசு மருத்துவமனையின் பொது வார்டு ஒன்றில் ராத்திரி நின்று பாருங்கள். வார்டு முழுக்க நோயாளிகள், ஒரே ஒரு சிஸ்டர். ட்ரிப் பாட்டில் காலியாகி குழாயில் ரத்தம் ஏறுவதை முதலில் கவனிப்பது கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாவோ மனைவியோதான். "சிஸ்டர், சிஸ்டர்" என்று அவர் ஓடும்போது, சிஸ்டர் கடைசிக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருப்பார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர், விடுப்பை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. அப்படியென்றால் புதிதாக 100 படுக்கை போட்டால் ஏறக்குறைய 43 செவிலியர்கள் வேண்டும். அவர்களை நாம் நடத்தும் லட்சணம் என்ன? 2015-இல் தேர்வெழுதி வேலைக்கு வந்தவர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கிடைத்தது. 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டையில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. வார்டில் படுத்திருக்கும் எல்லோரும் சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்கள் அல்ல. ஸ்கேன் தேதிக்காகக் காத்திருப்பவர் ஒருவர். ஆபரேஷன் தியேட்டர் கிடைக்காததால் நேற்றும் வெறும் வயிற்றோடு கிடந்து, மாலையில் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பதிலைக் கேட்டவர் ஒருவர். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்குப் போக முடியும் என்று மூட்டை கட்டி வைத்திருப்பவர் ஒருவர். ஒரு நோயாளி பத்து நாள் தங்கினால் நூறு படுக்கையில் வருஷத்துக்கு 3,650 பேரைப் பார்க்கலாம். அதையே ஐந்து நாளாகக் குறைத்தால் 7,300 பேர். ஒரு கட்டில்கூட வாங்காமல் கிடைக்கும் விரிவாக்கம் இது. ரிப்பன் வெட்ட இதில் இடமில்லை என்பதால்தானோ என்னவோ, இதற்கு யாரும் நிதி ஒதுக்குவதில்லை.

வளர்வது எப்படி என்று மதுரை காட்டியிருக்கிறது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளைத் தயார்செய்யும் வேலைக்கென்றே ஆளாக்கினார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் 1992 முதல் தாங்களே தயாரித்தார்கள். ஆட்களும் முறையும் முதலில் வந்தன. கட்டிடங்கள் அவற்றின் பின்னால் எழுந்தன.

படுக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெங்கு காலத்தில் ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள் கிடப்பதைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். ஆயிரம் பேருக்கு இரண்டு படுக்கை என்ற 2017 தேசிய சுகாதாரக் கொள்கையின் இலக்கும் நியாயமானதே. ஆனால் செவிலியர் இல்லாத படுக்கையை அந்தக் கணக்கில் சேர்ப்பது ஏமாற்று வேலை.

உங்கள் ஊரில் புதிய மருத்துவமனைக் கட்டிடம் திறக்க யாராவது வந்தால், எத்தனை படுக்கை என்று கேட்காதீர்கள். இரவுப் பணியில் எத்தனை நிரந்தரச் செவிலியர்கள் இருப்பார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.