ஜோசப்பும் ஏழாம் நம்பர் படிவமும்

'ஜோசப்' என்ற மலையாளப் படத்தைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று காலை நடையில் சேரும் நண்பர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 2018 நவம்பரில் வந்த படம். இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். படம் பழசாகிவிட்டது. அது நம் வீடுகளில் கிளப்பிவிட்ட பயம் மட்டும் பழசாகவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படத்தின் முடிவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று இருப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

நம் மாவட்டத்தில் மலையாளப் படத்தை யாரும் அயல்மொழிப் படம் என்று நினைப்பதில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். நான் வந்து சேர்ந்தவன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். (அங்கேயும் நவம்பர் 1தான் விசேஷ நாள், வருஷம் மட்டும் 1954.) மலையாளம் எனக்கு மாமியார் வீட்டிலும் ஆபீஸிலுமாக ஒட்டிக்கொண்டது. எழுத வராது, படம் பார்க்கப் போதும்.

கதாநாயகன் ஜோசப் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். குடி, புகை, தனி வீடு. மனைவி ஸ்டெல்லா விட்டுப் போய் வேறொருவரை மணந்துகொண்டாள். மகள் விபத்தில் இறந்துவிட்டாள். ஆனால் கொலை நடந்த வீட்டுக்குள் கூட்டிப்போனால் பத்து நிமிஷத்தில் ஆளைக் காட்டிவிடுவார். அதனால் வேலையில் இருக்கும் அதிகாரிகளே அவரைத் தேடி வருகிறார்கள். படத்தின் தொடக்கத்திலேயே அப்படி ஒரு காட்சி வருகிறது. அவசரம் கிடையாது, சத்தம் கிடையாது. ஒவ்வொரு பொருளையும் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் நடக்கிறார், அவ்வளவுதான். சிறுவயதில் நான் படித்த சிமெனோனின் மெக்ரே கதைகள் நினைவுக்கு வந்தன. மெக்ரேயும் இப்படித்தான், பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு வீட்டின் வாடையை உள்வாங்குவார். துப்பாக்கியைவிட மூக்கை நம்புகிற போலீஸ்காரர்.

ஜோஜு ஜார்ஜ் இதற்கு முன் பல வருஷம் கூட்டத்தில் ஒருவராக நின்ற நடிகர். இந்தப் படத்தில் அவர் நடப்பதைக் கவனியுங்கள். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடம்பின் எடை முழுவதையும் குதிகாலில் வைத்து நடக்கிறார். பென்ஷன் வாங்க வரும் பழைய ஏட்டையாக்களை நான் கருவூல வாசலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதே நடை, அதே பார்வை. யாரையும் நேராகப் பார்க்க மாட்டார்கள், ஆனால் எல்லாரையும் பார்த்துவிடுவார்கள். 66-ஆவது தேசிய விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கொடுத்தார்கள். முழு விருதே கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

அழுகிப்போன ஒரு பிணத்தைப் பரிசோதிக்கப் போன இடத்தில், அது தான் ஒருகாலத்தில் காதலித்த பெண் என்று ஜோசப்புக்குத் தெரியவரும் காட்சி ஒன்று உண்டு. அதற்குப் பிறகு அவரால் மனைவியோடு சாதாரணமாக வாழ முடியவில்லை. அதை வசனத்தில் விளக்காமல் முகத்தில் காட்டுகிறார். ஸ்டெல்லாவின் இரண்டாவது கணவர் பீட்டராக வரும் திலீஷ் போத்தனும் சாமானியப்பட்டவர் இல்லை. ஒரு பெண்ணின் முதல் கணவனும் இரண்டாம் கணவனும் அவள் போன பிறகு ஒருவருக்கொருவர் துணையாக உட்கார்ந்திருப்பதை நம் சினிமாவில் இதற்கு முன் நான் பார்த்ததில்லை. கதை எழுதிய ஷாஹி கபீர் போலீஸ் வேலையில் இருந்தவர். அந்த நிஜம் முக்கால் படம் வரைக்கும் தெரிகிறது. இயக்குநர் எம். பத்மகுமாரும் அவசரப்படாமல் கூட்டிப்போகிறார்.

சரி, முடிவுக்கு வருகிறேன்.

ஸ்டெல்லாவுக்கு நடந்தது விபத்தல்ல, தலையில் அடி தனியாக விழுந்திருக்கிறது என்று ஜோசப் கண்டுபிடிக்கிறார். மகளின் சாவும் அதே மாதிரி. இருவருக்கும் மூளைச்சாவு, இருவர் உடலிலிருந்தும் உறுப்பு தானம். ஆக, உறுப்புகளுக்காக ஆட்களை ரோட்டில் அடித்துப் போடும் ஒரு கும்பல் பெரிய ஆஸ்பத்திரியின் பின்னால் இருக்கிறது. அதை நிரூபிக்க ஜோசப் தன் உடம்பையே சாட்சியாக வைக்கிறார். அதே வழியில் தானும் செத்து, செத்த பிறகு உண்மை வெளிவரும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார்.

தியேட்டரில் கைதட்டு கிடைக்கும் முடிவுதான். ஆனால் முப்பத்து நாலு வருஷம் கோப்பு தூக்கிய குமாஸ்தாவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு விஷயம் பழகிப்போயிருக்கும். எந்தத் திருட்டும் ஏதாவது ஒரு ரிஜிஸ்டரைத் தொடாமல் நடக்காது. அதனால் நான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1994-ஆம் வருஷத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டம். மூளைச்சாவு என்று ஒரு டாக்டர் சொன்னால் போதாது. நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதனை. உறுப்பைப் பொருத்தப் போகும் குழுவைச் சேர்ந்தவர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. விபத்துக் கேஸ் என்றால் போலீஸும் பிரேதப் பரிசோதனையும் தனி. இதெல்லாம் முடிந்து குடும்பத்தார் சம்மதிக்க வேண்டும். 'வேண்டாம்' என்று ஒரு சொல் வந்தால் எல்லாம் வீண். சம்மதித்தாலும் எடுத்த இதயம் சுமார் நான்கு மணி நேரம்தான் தாங்கும், அதற்குள் ரத்த வகை பொருந்தும் ஆளிடம் போய்ச் சேர வேண்டும்.

இப்போது அந்தக் கும்பலின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். தலையில் அடிக்கிறீர்கள். அவன் அங்கேயே செத்தால் நஷ்டம். பிழைத்துக்கொண்டால் ஜெயில். சரியாக மூளை மட்டும் சாகும்படி அடிக்க எந்த ரவுடியாலும் முடியாது. இத்தனை 'ஒருவேளை'களை நம்பி எவனும் முதல் போடமாட்டான்.

முறைகேடே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது, ஆனால் சுத்தியலால் அல்ல, கையெழுத்தால். ஒருகாலத்தில் சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்றே பத்திரிகைகள் எழுதின. 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் மீனவப் பெண்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற கதை 2007-இல் வெளியே வந்தது. 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் பெயர் அடிபட்டது. எல்லாமே உயிரோடு இருக்கும் ஏழையின் சிறுநீரகம். உறவினர் அல்லாதவர் கொடுப்பதற்குச் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது: பாசத்தாலோ பற்றுதலாலோ தருகிறேன் என்று சொல்லி, அங்கீகாரக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். கந்துவட்டிக்காரனுக்குப் பதில் சொல்ல முடியாத ஒரு நெசவாளி, முன்பின் தெரியாத பணக்காரர் மேல் தனக்குத் திடீரென்று பாசம் பொங்கியதாகக் கையெழுத்துப் போடுகிறான். அந்தத் தாளும் முறைப்படி ஒரு கோப்பில் சேர்கிறது, முத்திரை விழுகிறது. நிஜக் குற்றம் இருக்கும் இடம் அது. ஜோசப் மாதிரி ஒரு கிழட்டுப் போலீஸ்காரர் அந்தக் கோப்பைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பெண்டாட்டி பிள்ளையைப் பறிகொடுத்தவனின் கண் அந்தக் கையெழுத்தில் நின்றிருக்கும்.

கதைதானே, இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா என்பீர்கள். கதையோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

போன வருஷம் நான் ஏழாம் நம்பர் படிவம் ஒன்றை வாங்கி வந்தேன். இறந்த பிறகு உறுப்புகளைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் படிவம். எழுபதைத் தாண்டியவனின் சரக்கு யாருக்கு ஆகும் என்று சிரிக்க வேண்டாம், கண்ணாவது ஆகுமே. அதில் இரண்டு சாட்சி வேண்டும், ஒருவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். வீட்டுக்காரி பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து தோவாளையிலிருந்து மச்சினன் வந்து சேர்ந்தான். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், படிக்காதவன் அல்ல. தாளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்ன வேல பாக்குதிய அத்தான்? அந்த ஜோசப் படம் பாத்தியள்லா? நாளைக்கு ரோட்டுல விழுந்து கெடந்தா, இந்தக் காயிதத்தப் பாத்த ஆஸ்பத்திரிக்காரன் உசிரக் காப்பாத்துவானா, நெஞ்சக் கீறுவானா?"

"அது சினிமால்லா டே?" என்றேன்.

"எழுதுனவன் போலீசுக்காரன். அவனுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரியும்?"

வீட்டுக்காரி பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "காப்பி போடுகேன்" என்று எழுந்து போய்விட்டாள். படிவம் இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.

எழுதியவர் போலீஸ்காரர், நடித்தவர் நிஜம்போல நடித்தார், அதனால் முடிவும் நிஜம். மச்சினன் சொன்ன கணக்கு இதுதான். நடிப்பு எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு அந்தப் பொய்க்கும் பலம் ஏறிவிட்டது. ஜோஜு இடத்தில் மீசை முறுக்கும் ஹீரோ ஒருவர் பறந்து பறந்து அடித்திருந்தால் என் படிவத்தில் சாட்சிக் கையெழுத்து விழுந்திருக்கும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் 2015-இல் மூளைச்சாவுக்குப் பிறகு உறுப்பு தந்தவர்கள் 76 பேர். 2018-இல் 8 பேர். அந்தச் சரிவு படம் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. சந்தேகம், வழக்கு, வதந்தி எல்லாம் ஊரில் ஏற்கெனவே இருந்தன. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது மட்டும்தான் படத்தின் பங்கு. பிறகு 2022-இல் 'விசித்திரன்' என்ற பெயரில் தமிழிலும் அதே பத்மகுமார் எடுத்தார், ஆர்.கே. சுரேஷ் நடித்தார். முடிவை மாற்ற அது நல்ல சந்தர்ப்பம். விட்டுவிட்டார்கள்.

சினிமாவால் இதற்கு நேர்மாறாகவும் செய்ய முடியும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிஷத்தில் இதயம் போனதை ஊரே பேசியது. அந்த மாதிரி ஒரு சம்பவத்தை வைத்து மலையாளத்தில் 'டிராஃபிக்' வந்தது, தமிழில் 2013-இல் 'சென்னையில் ஒரு நாள்'. அதைப் பார்த்தும் நம் ஜனங்கள் அழுதார்கள். ஆனால் பயம் தங்குகிற மாதிரி கண்ணீர் தங்குவதில்லை போலிருக்கிறது. பிரான்சில் 1976-லேயே கய்யவே சட்டம் என்று ஒன்று போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லாதவர் எல்லாரும் தரச் சம்மதித்தவர்களே என்று கணக்கு. நம் ஊரில் அப்படிச் சட்டம் போட்டால் கலெக்டர் ஆபீஸ் முன்னால் பந்தல் விழும்.

போலீஸ்காரனைச் சாகடித்து முடிப்பதே தப்பு என்று சொல்கிறேன் என நினைக்க வேண்டாம். விக்தோர் ஹ்யூகோவின் 'லே மிசேராப்ல்' எங்களுக்குப் பள்ளியில் பாடம். அதில் இன்ஸ்பெக்டர் கடைசியில் ஸேன் நதியில் விழுந்து சாகிறார். வாழ்நாள் முழுக்கத் துரத்திய குற்றவாளி தன் உயிரைக் காப்பாற்றிவிட்டான், அவனைத் தானும் விட்டுவிட்டோம், இனி சட்டம் என்றால் என்ன என்று புரியாமல் போய் விழுகிறார். அந்த மனிதருக்கு வேறு முடிவே கிடையாது. பக்கம் பக்கமாக அதை நோக்கித்தான் நடந்து வந்திருக்கிறார். தமிழில் சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று மொழிபெயர்த்தார், 1950-இல் படமாகவும் வந்தது. அந்த இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை 'ஜாவர் சீதாராமன்' என்றே பெயர் நின்றுவிட்டது. (எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'ழவேர்' என்று சொல்லாதவனுக்கு மதிப்பெண் குறைப்பார். சீதாராமன் அவரிடம் தேறியிருக்க மாட்டார்.)

ழவேர் சாவது ழவேராக இருப்பதால். ஜோசப் சாவது திரைக்கதைக்கு ஒரு தடயம் குறைவதால். தொடக்கத்தில் வந்த அந்த நிதானமான ஆள், ஒவ்வொரு பொருளையும் பார்த்துவிட்டுப் பேசும் ஆள், வேறு சாட்சி தேடி இன்னும் பத்து நாள் அலைந்திருப்பார். தன்னையே கொன்று கேஸை முடிப்பது அவசரக்காரன் வேலை.

ஷாஹி கபீருக்கே இது பிறகு தோன்றியிருக்குமோ என்னவோ. 2021-இல் அவர் எழுதிய 'நாயாட்டு' வந்தது. மார்ட்டின் பிரக்காட் இயக்கம், அதிலும் ஜோஜு, கூடவே குஞ்சாக்கோ போபன், நிமிஷா சஜயன். போலீஸ்காரர்களையே போலீஸ் துரத்தும் கதை. அதன் மேல் எனக்கு வேறு குறைகள் உண்டு, அது தனியாக எழுத வேண்டியது. ஆனால் அந்தப் படம் முடிகிற இடத்தில் எந்தக் கணக்கும் தீருவதில்லை. போலீஸ் வேன் போய்க்கொண்டே இருக்கிறது, உள்ளே இருவர், தேர்தலும் நடந்துகொண்டிருக்கிறது. எங்களோடு பார்த்துக்கொண்டிருந்த மச்சினன், "இவ்வளவுதானா? மிச்சம் எங்க?" என்று ரிமோட்டைத் தேடினான்.

மிச்சம் இல்லை டே என்றேன். அதுதான் நம்பும்படி இருந்தது.