யார் வீட்டு வரிப்பணம்?

ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் வராது. அதனால் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறேன். கணக்குக்கு இவ்வளவு என்று கூலி. 2024 ஜூலை, கெடு முடியும் வாரம். எதிரே அமர்ந்திருந்தவர், நான் பிஎச்.டி. படிக்கிறேன் என்று தெரிந்ததும் சொன்னார்: "நாங்க கட்டுற வரியிலதான தம்பி, கோட்டாவுல வர்றவங்கல்லாம் படிக்கிறாங்க."

அப்போது என் கையில் அவர் கொடுத்த இரண்டு பான் அட்டைகள் இருந்தன. ஒன்று அவருக்கு. இன்னொன்று அவர் குடும்பத்துக்கு.

ஆம், குடும்பத்துக்கு. 'இந்துக் கூட்டுக் குடும்பம்' என்பதை வரி கட்டும் தனி ஆளாக 1922 சட்டம் ஏற்றது. 1961 சட்டமும் ஏற்றது. தாத்தா விட்டுப்போன கடைகளின் வாடகை அவர் கணக்கில் வராது, குடும்பத்தின் கணக்கில் வரும். பழைய வரி முறையில் அந்தக் குடும்பத்துக்குத் தனியாக 2.5 லட்சம் வரை வரி இல்லை. அப்போதைய 80சி-யில் தனியாக 1.5 லட்சம் வரை கழிவு. அவர் திருடவில்லை. சட்டமே கொடுக்கிறது.

காகிதத்தில் என் குடும்பமும் இதைக் கேட்கலாம். எதை வைத்துக் கேட்பது? என் தாத்தா விட்டுப்போனது பண்ணையார் வீட்டுக் கடன். 1892-இல் வெள்ளையர் அரசு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களே பெருமளவு பிற சாதியினர் கைக்குப் போய்விட்டன. பூர்வீகச் சொத்து உள்ளவருக்குத்தான் இந்தச் சலுகை பெரும்பாலும் பயன்படும். அது யாரிடம் இருக்க வேண்டும் என்பதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது. இது இட ஒதுக்கீடு இல்லையாம், வரித் திட்டமிடலாம்!

சரி, நாங்கள் வரி கட்டாதவர்களா? நூறு நாள் வேலைக்குப் போகும் என் அம்மா செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அதற்குக் கழிவு கிடையாது, ரீஃபண்ட் கிடையாது, 'வரி செலுத்துபவர்' என்ற பட்டமும் கிடையாது.

கேரளம் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. வருமான வரியிலிருந்தும் அதை நீக்கு என்று நாம் ஏன் கேட்பதில்லை? அம்பேத்கர் 1925-இல் வெளியிட்ட நூல் மாகாண அரசுகளின் நிதி பற்றியது. அவரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திவிட்டு, வரவு செலவை ஆடிட்டர்களிடம் விட்டுவிட்டோம்.

அன்று நான் அவரிடம் வாய் திறக்கவில்லை. கூலி போய்விடும். இரண்டு கணக்கையும் முடித்துக் கொடுத்தேன். குடும்பத்தின் கணக்கில் கட்ட வேண்டிய வரி: பூஜ்யம்.

தோழர்களே, அடுத்த முறை யாராவது "எங்க வரிப்பணம்" என்று ஆரம்பித்தால், வீட்டில் எத்தனை பான் அட்டை என்று கேளுங்கள்.