கலைந்த குழுவும் கலைத்த கைகளும்

நகரத்தில் ஓர் இசைக் குழு கலைந்தால் நகரம் அதை மறப்பதில்லை. ஹப்புத்தளையில் 1943இல் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, 1960களில் அன்னெஸ்லி மாலேவனவுடன் இணைந்து ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவை நடத்தினார். மின்கித்தாரின் ஒலியைச் சிங்கள மெல்லிசையோடு பிணைத்தார். குழு பிரிந்தது. 1996இல் அவரும் மறைந்தார். எனினும் அக்குழுவில் யார் யார் இருந்தனர் என்பதை இசை அன்பர்கள் இன்றும் சொல்வார்கள். தமிழில் ‘பொப்’ பாடிய ஏ. ஈ. மனோகரன் 2018இல் மறைந்தபோது இலங்கையும் தமிழகமும் அவரை நினைவுகூர்ந்தன. இதில் நமக்கு மனக்குறை ஏதுமில்லை, மகிழ்ச்சியே உண்டு. கலைஞனை மறவாத சமுதாயம் நல்ல சமுதாயம்.

ஆனால் அதே மலைநாட்டில் வேறு குழுக்களும் இருந்தன, அவையும் கலைந்தன. வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் தப்பு முழக்கிய கைகள் எவருடையவை? அவர்களில் ஒருவரின் பெயரையேனும் நாம் அறிவோமா? பெயர் தெரியாதது தற்செயலானதன்று என்பதே நமது வாதம்.

தோட்டத்துத் தப்பு என்ன செய்தது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் லயங்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு ஆள் சேர்க்க அதையே அடித்தனர். துரையின் கடிகாரத்துக்குத் தொழிலாளியின் கையே மணியாயிற்று. ஆனால் அதே தப்பு தொழிலாளியின் சாவுக்கும் முழங்கியது. மாரியம்மன் திருவிழாவுக்கும் முழங்கியது. மாசி மாதத்தில் காமன் பொட்டலில் ரதியும் மதனும் ஆட, சிவன் மதனை எரிக்க, பல இரவுகள் நீளும் கூத்தைத் தாங்கி நின்றதும் அதுவே. நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய தோல், ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி, மறு கையில் தடித்த குட்டைக் குச்சி: இவ்வளவே கருவி. பகலெல்லாம் முதலாளிக்காக உழைத்த உடல், இரவில் தனக்காக எழுப்பிய குரல் அது.

இக்குழுக்கள் ஏன் கலைந்தன? சினிமா வந்தது, ஒலிபெருக்கி வந்தது, இளைஞருக்கு இரசனை மாறியது என்பார்கள். இது பாதி உண்மை. பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைப்பது வசதியான பழக்கம். மீதி உண்மை அரசாங்க ஏடுகளில் இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர். 9,75,000 மக்கள் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஏழு பேர் அங்கே என்றால் நான்கு பேர் இங்கே. இரு நாட்டுப் பெரியவர்கள் மனிதரைக் கொண்டு போட்ட கணக்கு இது! அம்மனிதரிடம் யார் கேட்டார்கள்?

கூத்து ஒருவர் கலையன்று. தப்படிப்பவன் அடியறிந்து ஆடுபவன் வேண்டும். ஆடுபவன் மூச்சறிந்து பாடுபவன் வேண்டும். வரிசை தவறாமல் கதையை நடத்த வாத்தியார் வேண்டும். ஏழுக்கு நான்கு என்ற கத்தி இந்தக் கூட்டத்தின் நடுவே விழுந்தது. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பதிவு என்ற நிலையில் எந்தக் குழு நிற்கும்? தலைமன்னாருக்குச் சென்ற இரயிலை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அந்த வண்டியில் ஏறியவை தகரப் பெட்டிகளும் படுக்கைகளும் மட்டுமல்ல; தாளங்களும் ஏறின. சில நீலகிரியில் இறங்கின. தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அந்தக் கைகள் மீண்டும் கொழுந்து பறித்தன; அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’. இங்கே ‘இந்தியத் தமிழர்’, அங்கே ‘சிலோன்காரர்’. எந்த மண்ணும் தன் கலைஞன் என்று அவர்களைச் சொல்லவில்லை.

மற்றொரு குரலும் நம்மிடையே எழுகிறது. தப்பு சாதி அடிமைத்தனத்தின் சின்னம், அது ஒழிந்ததே நல்லது என்பது அக்குரல். இதை நாம் எளிதில் ஒதுக்க மாட்டோம். கடல் கடந்தபோது சாதியும் கூடவே வந்தது. பிறப்பைக் காட்டி ஒருவனைச் சாவுக்கு அடிக்கச் சொல்வதும், அடித்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்துவதும் இழிசெயல்கள். “இனி அடிக்க மாட்டேன்” என்று குச்சியைக் கீழே வைத்த இளைஞன் நமது தோழன். ஆயின் இழிவு தோலில் இல்லை; கட்டாயத்தில் இருக்கிறது. கட்டாயத்தை ஒழிக்காமல் கலையை மட்டும் ஒழிய விடுவது ஆண்டைக்கே இலாபம். கட்டாயம் நீங்கி, உரிய ஊதியமும் மதிப்பும் பெற்று, விரும்பியவர் எச்சாதியினராயினும் ஆணாயினும் பெண்ணாயினும் அடிக்கும் நாளே தப்பு விடுதலை பெறும் நாள்.

இன்னொரு சாரார் விழா மேடைகளில் தப்பை முழக்கி, பொன்னாடை போர்த்தி, ‘அழிந்துவரும் கலை’ என்று இரங்குகிறார்கள். அழித்தவர் யார் என்று கேட்டால் மௌனம்! மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த நினைவில் கலைந்த குழுக்களுக்கு ஒரு பக்கமேனும் வேண்டாமா?

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! இதற்கு அமைச்சரின் ஆணை தேவையில்லை. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சொல்லுக்குச் செய்யப்பட்ட அந்தப் பணியை இனி அடிக்கும் ஆட்டத்துக்கும் செய்வோம். வலப்பனைப் பகுதிப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் அயல் தோட்டத்து முதியோரைச் சந்திக்கட்டும். யார் தப்படித்தார், யார் ரதியாக ஆடினார், எந்த ஆண்டில் யார் கப்பலேறினார், எங்கே குடியேறினார் என்று, அவர்கள் இசைவோடு எழுதி வைக்கட்டும். நினைவிலுள்ள அடிகளை இன்றைய கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். கோத்தகிரியிலும் கூடலூரிலும் உள்ள ஆசிரியர்கள் மறுபாதியைத் தேடட்டும். இரு பாதிகளும் சேர்ந்தால் ஒரு குழுவின் வரலாறு கிடைக்கும்.

அரசுகள் தலைகளை எண்ணின. பெயர்களை எழுதும் வேலை நம்முடையது. இன்னும் அந்தக் கைகளில் சில உயிரோடிருக்கின்றன. காலம் தாழ்த்த நமக்கு உரிமையில்லை.