ரேடியோவோட நிக்கிற மூணாவது ஆள்

போர்ப்படம் எதை எடுத்துக்கிட்டாலும் ரெண்டு ஹீரோதான். பதுங்குகுழியில நின்னு சுடுறவர் ஒருத்தர், விமானத்துல வந்து குண்டு போடுறவர் ஒருத்தர். 1997-ல வந்த 'பார்டர்' பார்த்தவங்களுக்குத் தெரியும், கீழே சன்னி தியோல், மேலே ஜாக்கி ஷெராஃப். நிஜத்துல இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல, ரேடியோவோட இன்னொருத்தர் இருப்பார். அவரைப் பத்திதான் இந்தப் பதிவு. என் கட்சி இதுதான் மக்களே: தரைப்படையோட போய் இருக்கறதுக்கு விமானப்படை அனுப்புற ஆள், ஸ்குவாட்ரன்லயே முதல் வரிசை ஆளா இருக்கணும். 'யாருப்பா சும்மா இருக்கா, அவரை அனுப்பு'ன்னு அனுப்புற வேலை இல்லை இது.

ஏற்பாட்டைச் சுருக்கமா சொல்லிடறேன். நம்ம நாட்டுல தரைப்படையின் கோர் தலைமையகத்தோட, விமானப்படையின் 'டாக்டிகல் ஏர் சென்டர்' ஒண்ணு இருக்கும். விமானம் வேணும்னு கீழேயிருந்து வர்ற கோரிக்கை அது வழியாத்தான் போகும். இன்னும் முன்னால, சண்டை நடக்குற இடத்துல 'ஃபார்வர்ட் ஏர் கன்ட்ரோலர்'. அவர் பெரும்பாலும் ஒரு பைலட்டாவே இருப்பார். இதுக்கு எதிர்த்திசையில, தரைப்படை அதிகாரி ஒருத்தர் விமானத்தளத்துல உட்கார்ந்து, நம்ம ஆளுங்க எங்க இருக்காங்கன்னு பைலட்டுகளுக்கு விளக்குவார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் மாதிரி.

இதுல என்ன பெரிய கஷ்டம்னு கேட்டா, எங்க காரைக்காலை வச்சே சொல்றேன். ஊருக்குப் புதுசா வந்தவர் வழி கேட்டா, 'அம்மையார் கோயிலைத் தாண்டி இடது பக்கம் திரும்புங்க'ன்னு சொல்லிட்டு நம்ம வேலையைப் பார்க்கப் போயிடுவோம். மணிக்கு 800 கிலோமீட்டர்ல வர்றவருக்கு, அதாவது ஒரு செகண்டுக்கு 220 மீட்டருக்கு மேல கடக்குறவருக்கு, இது எப்படிப் புரியும்? எந்தக் கோயில்? எது இடது? வடக்கேயிருந்து வந்தா ஒரு இடது, தெற்கேயிருந்து வந்தா வேற இடது. அவர்கிட்ட இப்படித்தான் பேசணும்: "கடற்கரை தெரியுதா? அரசலாறு கடல்ல சேர்ற முகத்துவாரம் தெரியுதா? அங்கேருந்து ஆத்தோடயே மேற்கே வாங்க, பாலம் தெரியுதா?" பெரிசுல ஆரம்பிச்சு சின்னதுக்கு வரணும். ஒவ்வொண்ணுக்கும் 'தெரியுது'ன்னு பதில் வந்தப்புறம்தான் அடுத்தது. முக்கியமா, நம்ம ஆளுங்க எந்தத் திசையில, எத்தனை மீட்டர்ல இருக்காங்கன்னு சொல்லணும்.

மேலேயிருந்து பார்த்தா ஊர் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவராலதான் இப்படிப் பேச முடியும். அதுக்குத்தான் பைலட். அதே ஆளுக்கு அந்த பட்டாலியன் இன்னிக்கு ராத்திரி எங்க நகரப்போகுதுன்னும் தெரிஞ்சிருக்கணும். அதுக்கு அவங்களோடவே சாப்பிட்டு, தூங்கி, எழுந்திருக்கணும்.

இந்தப் பேச்சு சரியா நடக்கலைன்னா என்ன ஆகும்? 1965 செப்டம்பர் 1. சாம்ப் பகுதியில பாகிஸ்தான் டாங்கிகள் உள்ளே வந்துடுச்சு. சாயங்கால நேரம், பதான்கோட்ல இருந்து அவசரமா விமானங்கள் கிளம்பிப் போச்சு. அப்பவே பழசாகிப்போன வாம்பயர் விமானங்கள்ல நாலு சுட்டு வீழ்த்தப்பட்டது. அதோட, குண்டு நம்ம தரைப்படை மேலயும் விழுந்தது. புழுதிக்குள்ள எது நம்ம டாங்கி, எது அவங்க டாங்கின்னு பைலட்டுக்கு எப்படித் தெரியும்?

இப்போ 1971 டிசம்பர் 5, லோங்கேவாலா. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியும் 23 பஞ்சாப் படைப்பிரிவின் ஒரு கம்பெனியும், சுமார் 120 பேர், ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடிச்சாங்க. ஜெய்சல்மேர்ல இருந்த ஹண்டர் விமானங்களுக்கு ராத்திரியில தாக்குற வசதி இல்லை. விடிஞ்சதும் கிளம்பி வந்துச்சு. எதிரி டாங்கிகள் நம்ம ஆளுங்களுக்குப் பக்கத்துலயே நிக்குது. அங்க கிருஷக்னு ஒரு குட்டி விமானத்துல, ஆயுதம் எதுவும் இல்லாம சுத்திக்கிட்டு, ஹண்டர்களுக்கு இலக்கு காட்டினவர் மேஜர் ஆத்மா சிங். அவர் பைலட்தான், ஆனா விமானப்படைக்காரர் இல்லை; தரைப்படையின் ஏர் ஓ.பி. பிரிவுக்காரர். மேலே, கீழே ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆள். சாந்த்புரி பேரு நிறைய பேருக்குத் தெரியும், தெரியவும் வேணும். ஆத்மா சிங் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?

'அதெல்லாம் அந்தக் காலம், இப்போதான் ஜிபிஎஸ், ட்ரோன் எல்லாம் வந்தாச்சே'ன்னு நம்ம பொட்டி தட்டுற சாதிசனமே சொல்லும். அவங்களுக்காகவே ஒரு கதை. 2001 டிசம்பர் 5, கந்தகாருக்கு வடக்கே. அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டாளர் ஒருத்தர் ஜிபிஎஸ் கருவியில இலக்கோட இடத்தைக் கணக்குப் பண்ணி வச்சிருந்தார். பேட்டரி தீர்ந்துபோச்சு. புது பேட்டரி போட்டதும் கருவி உயிர் வந்து ஒரு இடத்தைக் காட்டிச்சு. அது இலக்கு இல்லை, அவர் நின்ன இடம். மறுபடி இயக்கினா தன்னோட இருப்பிடத்தைக் காட்டுற மாதிரிதான் அதை வடிவமைச்சிருந்தாங்க. அந்த எண்கள் மேலே போச்சு. பி-52 விமானம் 2,000 பவுண்டு குண்டை அச்சுப் பிசகாம அங்கேயே போட்டுது. 3 அமெரிக்க வீரர்களும், கூட இருந்த ஆப்கன் போராளிகளும் இறந்தாங்க. பக்கத்துல இருந்த ஹமீத் கர்சாய்க்கு லேசான காயம். குண்டு சொன்ன இடத்துல சரியாத்தான் விழுந்தது. கருவி நல்லா ஆக ஆக, சொல்ற ஆள் இன்னும் நல்லா இருக்கணும்னுதான் எனக்குத் தோணுது.

'நல்ல பைலட்டைத் தரையில உட்கார வச்சுட்டா பறக்கறது யாரு?' நியாயமான கேள்விதான். விமானத்துல இருந்தா அவர் ஒரு தாக்குதலைச் சரியா செய்வார். ரேடியோவோட தரையில இருந்தா அன்னிக்கு வர்ற அத்தனை விமானமும் சரியான இடத்துல போடும். ஆனா பறக்குற நேரத்தை வச்சே மதிப்பு போடுற இடத்துல, இந்த வேலைக்கு யார் ஆசைப்படுவாங்க? அதனால பதவி உயர்வுல இதுக்குத் தனி மதிப்பு கொடுக்கணும். போர் வந்தப்புறம் கோர்த்துவிடாம, எந்தப் படைப்பிரிவோட போகணுமோ அவங்களோட முன்னாடியே பயிற்சியில ஒண்ணா இருக்கணும்.

எங்க ஊர் புதுச்சேரிக்குச் சொந்தம், சுத்தி இருக்கறது தமிழ்நாடு. 2007 காவிரித் தீர்ப்புல புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. எழுதியாச்சு, அது எங்க வயலுக்குத்தான். ஆனா தண்ணி தமிழ்நாட்டு மதகுகளைத் தாண்டித்தானே வரணும்? அந்தப் பக்கம் யாருக்கு போன் போட்டா வேலை நடக்கும்னு தெரிஞ்ச ஒரு இன்ஜினியரோட அருமை எங்க விவசாயிங்களைக் கேட்டா தெரியும். 2020 ஜனவரி 1-லேருந்து நமக்கு முப்படைகளுக்கும் ஒரு தலைமைத் தளபதி உண்டு, ரொம்ப நல்லது. மேல்மட்டத்துல எத்தனை ஒருங்கிணைப்பு வந்தாலும், புழுதிக்குள்ள நின்னுக்கிட்டு 'நம்ம ஆளுங்க பாலத்துக்குத் தெற்கே 300 மீட்டர்'னு தெளிவா சொல்ல ஒருத்தர் வேணும். அவரைத் தேர்ந்தெடுக்கறதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

டிஸ்கி: நான் ராணுவத்துல இருந்தவன் இல்லை, படிச்சதை வச்சு எழுதறேன். இருந்தவங்க யாராச்சும் இதைப் படிச்சா, பின்னூட்டத்துல வந்து தாராளமா சண்டை போடுங்க :-)